120 அடி, ஒரு பறை: ரூம்ல உட்கார்ந்து ட்ரம்ஸ் செய்யறது எப்படி?

(இந்த எபிசோடின் பேச்சு, வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)

காட்டாங்குளத்தூர்ல, ஸ்டேஷன்ல இருந்து நடக்குற தூரத்துல இருக்குற என்னோட ரூம்ல இருந்து பேசுறேன். நடுவுல செங்கல்பட்டு லோக்கல் போற சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க. அதை எடிட்ல முழுசா எடுக்க முடியாது.

நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் வேற வேற வார்த்தையில அனுப்பியிருந்தீங்க. "வீட்ல பாட்டு பண்றேன். கிட்டார் ஓகே, வாய்ஸ் ஓகே. ட்ரம்ஸ் மட்டும் பொம்மை வாசிக்குற மாதிரி இருக்கு. எந்த சாஃப்ட்வேர் வாங்கணும்?" இதுதான் கேள்வி. என் பதில் கொஞ்சம் நீளம். முதல் பாதியில உங்க கையில ஏற்கெனவே இருக்குறதை வச்சு அந்த பொம்மைத்தனத்தை எப்படிப் போக்குறதுன்னு பார்க்கலாம். ரெண்டாவது பாதி, எந்தக் கடையிலயும் சரியா கிடைக்காத ஒரு சத்தத்தைப் பத்தி.

ஏன் சாஃப்ட்வேர்?

பொத்தேரி, காட்டாங்குளத்தூர், மறைமலைநகர் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்குற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. நாலு பேர் இருக்குற ஃபிளாட்ல ட்ரம் கிட் வைக்க இடம் கிடையாது. வச்சாலும் முதல் நாள் சாயங்காலமே ஹவுஸ் ஓனர் மேல வந்துடுவார். அதையும் சமாளிச்சாலும், ஒரு ட்ரம் கிட்டை ஒழுங்கா ரெகார்ட் பண்ண எட்டு மைக்காவது வேணும், எட்டு இன்புட் இருக்குற இன்டர்ஃபேஸ் வேணும், சத்தம் எதிரொலிக்காத ஒரு ஹால் வேணும். அதனால லேப்டாப்ல ப்ரோக்ராம் பண்றோம்.

இதை யாரும் ரெண்டாந்தர வேலைன்னு நினைக்க வேண்டாம். 1980-ல ரோஜர் லின் என்பவர் எல்எம்-1னு ஒரு ட்ரம் மெஷின் கொண்டு வந்தார். நிஜ ட்ரம்ஸ் அடியை டிஜிட்டலா பதிவு பண்ணி சிப்ல வச்ச முதல் ட்ரம் மெஷின் அது. விலை கிட்டத்தட்ட 5,000 டாலர். அவ்வளவு கொடுத்தும் அதுல கிராஷ், ரைட் சிம்பல் கிடையாது. சிம்பல் சத்தம் அடங்க ரொம்ப நேரம் ஆகும், அவ்வளவு நீளமான சத்தத்தை வைக்க அன்னைக்கு மெமரி கட்டுப்படியாகல. அதே 1980-லதான் ரோலண்ட் டிஆர்-808 வந்தது. அதுல சாம்பிள் எதுவுமே இல்ல, எல்லா சத்தத்தையும் எலக்ட்ரானிக் சர்க்யூட்டே உண்டாக்கும். 1982-ல மும்பையில சரண்ஜித் சிங் அந்த 808-ஐ வச்சு பத்து ராகத்துக்கு டிஸ்கோ பீட் போட்டு ஒரு ஆல்பமே பண்ணினார்.

நம்ம ஊருக்கு வந்தா, 1992-ல 'ரோஜா' மூலமா நாம கேட்ட சத்தம் எங்க உருவாச்சு? கோடம்பாக்கத்துல, ரஹ்மான் தன் வீட்டுப் பின்பக்கம் கட்டின பஞ்சதன் ரெக்கார்ட் இன் ஸ்டுடியோல. வீட்டோட ஒட்டின ஒரு ஸ்டுடியோ தமிழ் சினிமாவோட சத்தத்தையே மாத்தினதை நாம பார்த்தாச்சு. அதனால ரூம்ல உட்கார்ந்து பண்றோமேன்னு கூச்சப்பட ஒண்ணுமில்ல.

பொம்மைத்தனம் எங்கிருந்து வருது?

ட்ரம் சாம்ப்ளர்னா என்ன? ஒரு ட்ரம்மர் ஸ்நேர்ல ஒரு அடி அடிக்கிறார். அதை ரெகார்ட் பண்ணி வச்சுக்கிறோம். நீங்க கீபோர்ட்ல ஒரு கட்டையை அமுக்கினா அந்த அடி கேட்கும். அவ்வளவுதான் அடிப்படை. மீதி எல்லாம், எத்தனை அடியை ரெகார்ட் பண்ணினாங்க, எப்போ எதை ஒலிக்க விடுறாங்க என்பதுதான்.

முதல் விஷயம், வெலாசிட்டி. 1983-ல வந்த மிடி, ஒவ்வொரு அடிக்கும் எவ்வளவு வேகமா அடிச்சோம்னு 1 முதல் 127 வரைக்கும் ஒரு எண் கொடுக்குது. மெல்ல தட்டின ஸ்நேரும் ஓங்கி அடிச்ச ஸ்நேரும் வால்யூம்ல மட்டும் வேற இல்ல, சத்தத்தோட குணமே வேற. ஓங்கி அடிச்சா தோல் இழுபடும், கீழே இருக்குற கம்பி சீறும். நல்ல சாம்ப்ளர்ல மெல்ல, நடுத்தரம், ஓங்கின்னு தனித்தனியா ரெகார்ட் பண்ணி அடுக்கி வச்சிருப்பாங்க. நாம மவுஸ்ல வரையும்போது எல்லா அடியும் 100-ல நிக்கும். அப்போ அந்த அடுக்குல ஒரே ஒரு தட்டைத்தான் நாம திறக்குறோம், மீதி எல்லாம் சும்மா கிடக்கு.

ரெண்டாவது, ரவுண்ட் ராபின். ஒரே பலத்துல பத்து தடவை அடிச்சாலும் மனுஷன் கை பத்தும் ஒரே மாதிரி அடிக்காது. ஒரே சாம்பிள் பத்து தடவை வந்தா மெஷின் கன் சுடுற மாதிரி ட்ர்ர்ர்னு கேட்கும். அதனால ஒரே பலத்துல அஞ்சாறு அடி எடுத்து வச்சு, ஒவ்வொரு முறையும் அடுத்ததை மாத்தி மாத்தி ஒலிக்க விடுவாங்க.

மூணாவது, சோக். ஹை-ஹாட் திறந்திருக்கும்போது வர்ற 'ட்ஸ்ஸ்ஸ்' சத்தம், கால் வச்சு மூடினதும் நிக்கணும். சாம்ப்ளர்ல ரெண்டையும் ஒரே சோக் குரூப்ல போடலைன்னா, திறந்த ஹாட்டும் மூடின ஹாட்டும் சேர்ந்து கேட்கும். அப்படி அடிக்கணும்னா ட்ரம்மருக்கு ரெண்டு ஹை-ஹாட் வேணும்.

இந்த மூணையும் பெரிய கம்பெனிகள் எந்த எல்லைக்குக் கொண்டு போறாங்கன்னா, 2017-ல வந்த சுப்பீரியர் ட்ரம்மர் 3-ல மூல ஒலிகள் மட்டும் 230 ஜிபிக்கு மேல. பெல்ஜியத்துல இருக்குற கேலக்ஸி ஸ்டுடியோல, ஜார்ஜ் மாசன்பர்க் என்ற பெரிய இன்ஜினியர் ரெகார்ட் பண்ணினது. 8 ஜிபி ரேம் இருக்குற நம்ம காலேஜ் லேப்டாப்புக்கு அது தேவையில்ல. எம்டி பவர் ட்ரம் கிட், ஸ்டீவன் ஸ்லேட்டோட எஸ்எஸ்டி 5 ஃப்ரீ ரெண்டும் காசில்லாம கிடைக்குது. ஒரு டெமோ பண்ண, ஏன், ஒரு பாட்டை ரிலீஸ் பண்ணவும் இது போதும். மேலே சொன்ன மூணுல முதலாவதை மட்டும் இன்னைக்கே உங்க பழைய ப்ராஜெக்ட்ல செஞ்சு பாருங்க. முக்கியமான அடி 110, இடையில வர்ற சின்ன அடியெல்லாம் 35, 50, 42ன்னு இறக்குங்க. பாதி பொம்மைத்தனம் அங்கயே போயிடும்.

இன்னொரு சின்ன விஷயம். பேடுல விரலால வாசிக்கும்போது சத்தம் தாமதமா வர்ற மாதிரி இருந்தா பஃபர் அளவைப் பாருங்க. 44.1 கிலோஹெர்ட்ஸ்ல பஃபர் 1024 வச்சா, அது ஒண்ணே 23 மில்லிசெகண்ட் தாமதம். 128-க்கு இறக்கினா 3 மில்லிசெகண்ட். வாசிக்கும்போது இறக்குங்க, மிக்ஸ் பண்ணும்போது ஏத்திக்கோங்க.

குத்துக்கு கட்டம் வேற

சாஃப்ட்வேரைத் திறந்ததும் கட்டம் எப்படி இருக்கும்? ஒரு பார்ல நாலு பீட், ஒரு பீட்டுக்கு நாலு கட்டம், ஆக 16. அது நம்ம சதுஸ்ரம். ராக், ஹிப்-ஹாப் எல்லாம் அதுல அழகா உட்காரும். ஆனா நம்ம குத்துல பெரும்பாலானது 6/8. ஒரு பீட்டுக்குள்ள மூணு, அதாவது திஸ்ர நடை. 16 கட்டத்துல குத்து போட முயற்சி பண்ணினா அடி எங்கயோ போய் முட்டும். நண்பர்கள் "பீட் வரமாட்டேங்குது"ன்னு சொல்லி அனுப்புற பல ப்ராஜெக்ட்ல வியாதி இதுதான். கட்டத்தை ட்ரிப்லெட்டுக்கு மாத்துங்க, இல்லைன்னா டைம் சிக்னேச்சரையே 6/8 ஆக்குங்க.

மாத்தின பிறகு குவான்டைஸை 100 சதவீதம் போடாதீங்க. 50, 60 போதும். தெருவுல ஆட வைக்குற அடி கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாடியோ பின்னாடியோதான் விழும். அதை நேராக்கிட்டா கால் ஆடாது.

நம்ம தோல்கருவி இந்தப் பெட்டிக்குள்ள ஏன் அடங்க மாட்டேங்குது?

இப்போ ரெண்டாவது பாதி.

ஒரு குத்துப் பாட்டுக்கு பறை வேணும்னு தேடுறீங்க. நான் இதுவரைக்கும் இறக்கிப் பார்த்த பேக்குகள்ல பெரும்பாலும் ரெண்டு, மூணு அடிதான் இருக்கும். வெலாசிட்டி அடுக்கு இல்ல, ரவுண்ட் ராபின் இல்ல. ஃபோல்டர் பேர் 'எத்னிக்'. சில இடத்துல 'ட்ரைபல்'. ஸ்நேருக்கு நூத்துக்கணக்குல அடி, பறைக்கு மூணு அடி.

இதுக்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. நம்ம தோல்கருவிகளை சாம்பிள் பண்றது உண்மையிலேயே கஷ்டம்.

மிருதங்கத்தை எடுத்துக்கோங்க. சாதாரணமா ஒரு தோலை அடிச்சா அதுல இருந்து வர்ற மேலொலிகள் ஒண்ணுக்கொண்ணு ஒழுங்கான விகிதத்துல இருக்காது, அதனால தெளிவா ஒரு ஸ்வரம் கேட்காது. மிருதங்கத்தோட வலது பக்கத்துல நடுவுல இருக்குற அந்தக் கருப்புப் பூச்சு மேலொலிகளை ஒழுங்குக்குக் கொண்டு வருது. 1920-லேயே சி.வி.ராமனும் சிவகாளி குமாரும் 'நேச்சர்' இதழ்ல இதைப் பத்தி எழுதியிருக்காங்க. இதுல நமக்கு என்ன வேலைன்னா, மிருதங்கத்துக்கு சுருதி உண்டு. உங்க பாட்டு ஒரு சுருதி, சாம்பிள் இன்னொரு சுருதின்னா அது அபஸ்வரம்தான். சாஃப்ட்வேர்ல ஒரு கட்டை மேல கீழ நகர்த்தலாம். நாலு கட்டை நகர்த்தினா பிளாஸ்டிக் குடத்துல தட்டின மாதிரி ஆயிடும்.

உருமி இன்னும் மோசம். அதோட உயிரே, வளைஞ்ச குச்சியைத் தோல் மேல தேய்க்கும்போது வர்ற அந்த உறுமல்தான். அது ஒரு 'அடி' இல்ல. ஆரம்பம், இழுப்பு, முடிவு எல்லாம் வாசிக்குறவர் கை அழுத்தத்துல மாறிக்கிட்டே இருக்கும். ஒரு கட்டைக்கு ஒரு சத்தம்னு பழகின சாம்ப்ளருக்கு அது புரியாது. உருமிக்கு முழு இழுப்புகளா பத்து, பதினைஞ்சு எடுத்து வச்சு, பாட்டுக்கு ஏத்ததைத் தேர்ந்தெடுத்து ஒட்டுறதுதான் நடக்கும்.

பறைக்கு வருவோம். ஒரு கையில தடிமனான அடிக்குச்சி, இன்னொரு கையில நீளமான மெல்லிய சிம்புக்குச்சி. ரெண்டும் ஒரே தோல்ல விழுது. அடிக்குச்சி விழுந்து தோல் அதிர்ந்துக்கிட்டு இருக்கும்போதே சிம்புக்குச்சி மேல விழுந்தா, வர்ற சத்தம் ரெண்டு தனிச் சத்தத்தோட கூட்டல் இல்ல. மூணாவதா ஒரு சத்தம். அதைத் தனியா ரெகார்ட் பண்ணினாத்தான் கிடைக்கும். இதைவிட முக்கியம், பறையை வாசிக்குறதுக்கு முன்னாடி நெருப்புல காய்ச்சுவாங்க. சூட்டுல தோல் இறுகும், சத்தம் கணீர்னு ஏறும். வாசிக்க வாசிக்கத் தளரும், மறுபடி காய்ச்சுவாங்க. அப்போ எந்த நேரத்துப் பறையை சாம்பிள் பண்றது? இந்தக் கேள்வியைக் கேட்காம எடுத்த சாம்பிள்தான் பல பேக்ல அட்டைப்பெட்டி மாதிரி கேட்குது.

அப்போ நாமளே எடுப்போம்

கணக்கு போட்டுப் பார்த்தா பயப்படுற அளவு இல்ல. பறையில நாலு வகை அடி எடுப்போம்: அடிக்குச்சி நடுவுல, அடிக்குச்சி ஓரத்துல, சிம்புக்குச்சி மட்டும், ரெண்டும் சேர்ந்து. ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு பலம். ஒவ்வொரு பலத்துக்கும் ஆறு அடி. 4 × 5 × 6 = 120 அடி. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் அஞ்சு செகண்ட் இடைவெளி விட்டா மொத்தம் பத்து நிமிஷம். அடிக்கு ரெண்டு செகண்ட்னு வெட்டி, 24 பிட் மோனோல வச்சா சுமார் 32 எம்பி. நீங்க வாட்ஸ்அப்ல வாங்குற கல்யாண வீடியோவைவிடச் சின்னது.

சில நடைமுறை விஷயம் மட்டும் கவனிக்கணும்.

ஃபோன்ல இருக்குற வழக்கமான ரெக்கார்டர் வேண்டாம். அது மெல்லிய அடியைத் தானா ஏத்தும், பெரிய அடியைத் தானா அமுக்கும். நாம பாடுபட்டு எடுக்குற அஞ்சு பலமும் ஒண்ணாயிடும். மேனுவலா கெயின் வைக்குற எதுவும் சரி, ஒரு சின்ன இன்டர்ஃபேஸும் ஒரு மைக்கும் போதும். கெயினை மிகப் பெரிய அடிக்கு வச்சுப் பார்த்து, உச்சம் மைனஸ் 6 டெசிபல் தாண்டாம வச்சுக்கோங்க. அதுக்கப்புறம் தொடவே கூடாது.

பத்துக்குப் பத்து ரூம்ல பறை அடிச்சா சுவர்தான் கேட்கும். பறை தெருவுக்காகப் பிறந்த கருவி. திறந்த வெளிக்கு வாங்க. ஜிஎஸ்டி ரோடு லாரிச் சத்தம் இங்க ஒரு பெரிய பிரச்சினை. அதனால ரோட்டையும் தண்டவாளத்தையும் விட்டு உள்ளே தள்ளி, ஏரிக்கரை, விளையாட்டு மைதானம் மாதிரி ஒரு இடத்துல விடியற்காலையில எடுங்க. ஆனா அக்கம்பக்கத்துல சொல்லிட்டு எடுங்க. விடியற்காலையில பறைச் சத்தம் கேட்டா, ஏதோ துக்கம்னு நாலு பேர் விசாரிக்க வந்துடுவாங்க.

மைக் ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும். காய்ச்சின உடனே ஒரு வகை அடி முப்பதையும் முடிங்க. மறுபடி காய்ச்சுங்க, அடுத்த வகை.

இதையெல்லாம் ஒரு கருவியா கோக்க டீசென்ட் சாம்ப்ளர்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும். எந்த ஃபைல் எந்தக் கட்டைக்கு, எந்த வெலாசிட்டிக்கு, எதெல்லாம் ரவுண்ட் ராபின்னு ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதிக் கொடுத்தா போதும். கோடிங் படிக்குற ஊர் இது. ஒரு சனிக்கிழமை வேலை.

வாசிச்சவருக்கு என்ன?

இதைச் சொல்லாம விட்டா இந்த எபிசோடே தப்பு.

1969-ல தி வின்ஸ்டன்ஸ்னு ஒரு அமெரிக்கக் குழு 'ஆமென், பிரதர்'னு ஒரு பாட்டு பண்ணினாங்க. அதுல கிரிகரி கோல்மன் என்ற ட்ரம்மர் ஆறேழு செகண்ட் தனியா வாசிப்பார். உலகத்துல மிக அதிகமா சாம்பிள் செய்யப்பட்ட ட்ரம்ஸ்கள்ல அது ஒண்ணு. ஹிப்-ஹாப், ஜங்கிள், ட்ரம் அண்ட் பாஸ், ஆயிரக்கணக்கான பாட்டு. கோல்மன் 2006-ல வீடு வாசல் இல்லாம இறந்தார். அந்த அடிக்காக அவருக்கு ஒரு பைசா ராயல்டி வந்ததில்ல. 2015-ல ரசிகர்கள் சேர்ந்து சுமார் 24,000 பவுண்ட் திரட்டி, அந்தக் குழுவோட தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சர்கிட்ட கொடுத்தாங்க. கோல்மனுக்கு அது ஒன்பது வருஷம் லேட்.

இப்போ இந்தக் கதையை நம்ம ஊர்ல வச்சுப் பாருங்க. பறை வெறும் கருவியா மட்டும் இங்க இருந்ததில்ல. அதை வாசிச்ச மக்களோட பேரை வச்சு ஒதுக்கினாங்க. இங்கிலீஷ்ல ஒதுக்கப்பட்டவனைக் குறிக்குற 'பரையா' என்ற சொல்லே இங்கிருந்து போனதுதான். சாவு வீட்டுக்குக் கட்டாயமா வந்து வாசிக்கணும்னு வச்ச வழக்கத்தை எதிர்த்து, இனி பறை அடிக்க மாட்டோம்னு குச்சியைக் கீழே வச்சவங்க இருக்காங்க. இது எங்க கலைன்னு தலை நிமிர்ந்து மேடைக்குக் கொண்டு வந்தவங்களும் இருக்காங்க. 2018 ஜனவரியில சென்னையில தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் முறையா மேடை ஏறினபோது, கானாவும் ராக்கும் ராப்பும் பறையோட ஒரே மேடையில நின்னுச்சு. 2025-ல பறை ஆசான் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ அறிவிச்சாங்க. இவ்வளவு தூரம் நடந்து வந்த ஒரு சத்தத்தை, பேர் தெரியாத ஒரு ஆள்கிட்ட 500 ரூபாய் கொடுத்து எடுத்து, 'எத்னிக் 03'னு பேர் வச்சு ஃபோல்டர்ல போட்டா, அது பழைய கதைதான். இந்தத் தடவை கையில லேப்டாப் இருக்கு, அவ்வளவுதான்.

சட்டமும் இதுல ஊமையா இல்ல. இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-ல வந்தது. 1994 திருத்தம் நிகழ்த்துக் கலைஞருக்கும் உரிமை உண்டுன்னு கொண்டு வந்தது, 2012 திருத்தம் அதை இன்னும் பலப்படுத்திச்சு. அந்தச் சட்டம் 'நிகழ்த்துபவர்'னு சொல்ற பட்டியல்ல இசைக்கலைஞர் இருக்கார், பாம்பாட்டிகூட இருக்கார். தன்னோட வாசிப்பை ஒலிப்பதிவு செய்ய விடுறதா வேண்டாமான்னு சொல்ற உரிமை வாசிக்குறவருக்கு உண்டு. அது 50 ஆண்டு நிக்கும்.

அதனால நான் செய்யச் சொல்றது இதுதான். ரெகார்டிங்குக்கு முன்னாடி ஒரு பக்கத்துக்குத் தமிழ்ல எழுதுங்க. என்ன எடுக்கப் போறோம், இன்னைக்கு எவ்வளவு கூலி, இதை இலவசமா கொடுக்கப் போறோமா விக்கப் போறோமா, வித்தா அவருக்கு எவ்வளவு பங்கு, பேர் எங்கெல்லாம் வரும். 'சாம்பிள்'னா என்னன்னு வாய்ல விளக்கிட்டு விடாம, அவர் முன்னாடியே ஒரு அடியை எடுத்து, கட்டையில போட்டு வாசிச்சுக் காட்டுங்க. "அண்ணே, நீங்க இங்க இல்லாதப்பவும் உங்க அடி இப்படி எத்தனையோ பாட்டுல வரும்"னு சொல்லுங்க. அதைக் கேட்ட பிறகு அவர் வேண்டாம்னு சொன்னா, எடுக்காதீங்க. இல்ல, கூலியை ஏத்திக் கேட்டா, அது நியாயமான கேள்வி.

ஃபோல்டர் பேரையும் சரியா வைங்க. 'பறை'ன்னு எழுதுங்க. வாசிச்சவர் பேர், ஊர், தேதி. சம்மதிச்சா கருவி செஞ்சவர் பேரும். மிருதங்கம் செய்யுறவங்களைப் பத்தி டி.எம்.கிருஷ்ணா 2020-ல 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்'னு ஒரு முழுப் புத்தகமே எழுத வேண்டியிருந்ததுன்னா, அவங்க பேர் அதுவரைக்கும் எவ்வளவு வெளியே தெரியாம இருந்திருக்குன்னு நினைச்சுப் பாருங்க. நம்ம மெட்டாடேட்டால அதுக்கு ஒரு வரி இடம் இருக்கு.

ஸ்வீடன்ல, பெல்ஜியத்துல எடுத்த ட்ரம்ஸை நான் குறை சொல்லல, நானும் அதைத்தான் தினமும் உபயோகிக்கிறேன். ஆனா பொத்தேரியில பண்ற பாட்டும் போலந்துல பண்ற பாட்டும் ஒரே ஸ்நேர்ல ஆரம்பிச்சு ஒரே ஸ்நேர்ல முடிஞ்சா, நாம எந்த ஊர்ல இருந்து பாடுறோம்னு கேட்குறவனுக்கு எப்படித் தெரியும்?

இதைக் கேட்டுட்டு யாராவது 120 அடி எடுத்தீங்கன்னா, வாசிச்சவர் பேரோட எனக்கு அனுப்புங்க. அவர் சம்மதம் இருந்தா அடுத்தடுத்த எபிசோடோட ஆரம்ப இசையா அதைப் போடலாம், அதுக்கான காசையும் அவர்கிட்டயே சேர்க்கலாம். அடுத்த எபிசோட் பேஸ் கிட்டார் பத்தி. ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்க, ஃபோன் ஸ்பீக்கர்ல பேஸ் வராது. வரட்டா?